கொற்கை முதல் புதுத்துறை வரை

எங்கள் பள்ளி மாடியில் நின்று கிழக்கே நோக்கினால் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரியும். அது என்றும் அப்படியே இருந்தது, தூத்துக்குடித் துறைமுகமும் என்றும் இங்கேயே இருந்தது என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். வரலாற்றுப் பாடத்தின் பொருட்டு எங்கள் வகுப்பு பழைய துறைமுகத்துக்குச் சென்று வந்தபின் அந்த எண்ணம் மாறிற்று.

நம் கரையில் துறைமுகம் ஓரிடத்தில் நிலைத்து நின்றதே இல்லை. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை, தாமிரபரணி கடலில் கலக்குமிடத்தில் இருந்தது. ஆறு கொணர்ந்த வண்டல் படியப் படியக் கடல் விலகிற்று. இன்று கொற்கையில் நின்றால் அலையோசை கேட்காது. கடல் சில கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அடுத்துச் சிறப்புற்றது காயல். அங்கே குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு கூறியுள்ளார். அதையும் அதே ஆறு தூர்த்தது. வாழ வைத்த ஆறே துறையை மூடியது வியப்பன்றோ!

ஆற்றுமுகத்துக்கு வடக்கே தீவுகளின் மறைவில் இருந்த தூத்துக்குடி அதன்பின் தலையெடுத்தது. போர்த்துக்கீசியர், 1658இல் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என ஒவ்வொருவரும் இத்துறையை விரும்பினர். அலை அடங்கிய இடம் என்பது நன்மை. ஆழம் இல்லை என்பது குறை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரமிட்டன. சரக்கைத் தோணிகளில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் இந்தக் கடலில்தான் கொழும்புக்குக் கப்பல் விட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தது. கொழும்புப் பயணிகளுக்குத் தனுஷ்கோடி வழி வாய்த்தது. அந்தத் தனுஷ்கோடியை 1964ஆம் ஆண்டுப் புயல் அழித்தது.

ஆழக் குறை தீர்ந்தது நம் பெற்றோரின் காலத்தில். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு கல் அணைகளைக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய புதிய துறைமுகம், 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் அது வ.உ.சி. பெயரைத் தாங்கி நிற்கிறது. கப்பல் நேரே மேடையில் வந்து அணைகிறது. ஆனால் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடிப் பிழைத்த தோணிக்காரர்களின் வேலை போயிற்று.

பழைய துறையில் எங்களோடு பேசிய முதியவர் ஒருவர், பல்லாண்டுகள் தோணித் தண்டலாக இருந்தவர். "வாடைக் காத்து எறங்குனா பாய விரிச்சிருவோம், ராத்திரி வெள்ளிதான் வழி காட்டும்" என்றார். இப்போது தோணிகளில் எஞ்சின் வந்துவிட்டது, திசை காட்ட மின்கருவியும் உண்டு. "தாத்தா, உங்க பேரனுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று கேட்டோம். "அவன் கன்டெய்னர் லாரி ஓட்டுறாம்மா. வெள்ளி பாத்து என்ன செய்யப்போறான்?" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களில் சிலரின் தாத்தாக்களும் தோணியில் போனவர்களே.

அவர் காட்டிய இன்னொன்றையும் எழுத வேண்டும். துறைமுகத்துக்கு மறைவு தந்த தீவுகளே இன்று தேய்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தனர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. நம் ஊருக்கு அருகேயுள்ள வான் தீவு மிகச் சுருங்கிற்று. பாறை வெட்டத் தடை வந்தபின், அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியுள்ளனர்.

திரும்பும் வழியில் முயல் தீவுக்குப் பேருந்திலேயே சென்றோம். தாம் சிறுவனாயிருந்தபோது அங்கே போகத் தோணி ஏற வேண்டும் என்று தண்டல் தாத்தா சொல்லியிருந்தார். புதுத்துறை வேலையில் தீவு கரையோடு சேர்ந்துவிட்டது. எந்த இடத்தில் கடல் இருந்தது என்று சன்னல் வழியே தேடிப் பார்த்தோம், சாலைதான் தெரிந்தது.