ஓட்டமும் தொண்டும்

நாள்தோறும் நடக்குமாறு கூறி அனுப்புகிறோம். அடுத்த முறை வரும்போது பலர் தலைகுனிகின்றனர். அதற்காக அவர்களை நாங்கள் கடிந்துகொள்வது சரியன்று. தனக்காக மட்டும் செய்யும் பயிற்சி எளிதில் தள்ளிப்போகும். ஒருவர் காத்திருக்கிறார் என்றால் கால்கள் தாமே கிளம்பும்.

இலண்டனில் தோன்றிய குட்ஜிம் அமைப்பு இதனை அடிப்படையாகக் கொண்டது. அதன் உறுப்பினர்கள் குழுவாக ஓடிச்சென்று, பொதுத் தோட்டத்தில் களை பறித்தல் போன்ற பணிகளை முடித்து, ஓடியே திரும்புவர். சிலர் தனித்து வாழும் முதியவரைக் காண ஓடுவர். அம்முதியவருக்கு அங்கு வழங்கிய பெயர் 'பயிற்சியாளர்'. உதவி பெறுபவராக அன்றி, ஓட வைப்பவராக அவர் மதிக்கப்பட்டார்.

வயது வந்தோருக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. பேச முடியும், பாட முடியாது என்னும் வேகமே மிதமானது. விரைந்த நடையே அதற்குப் போதும். மாரடைப்பு கண்டவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி ஓட வேண்டா. இன்சுலின் செலுத்திக்கொள்வோர் சர்க்கரையை உடன் எடுத்துச் செல்லுங்கள். தொண்டின்போது மூச்சை அடக்கிச் சுமை தூக்காதீர்கள். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி நாடுங்கள்.

படுக்கையில் இருப்பவரும் பயிற்சியாளர் ஆகலாம். "நாளை நடந்தே வா, காத்திருப்பேன்" என்று உங்கள் மகனிடம் இன்றே சொல்லுங்கள். அவ்வொரு சொல் இருவருக்கும் மருந்தாகும்.