பெருமிதமா, தற்பெருமையா? நன்னூலும் தேயிலைத் தோட்டமும்

படித்து முடித்து வேலைக்கோ உபகாரச் சம்பளத்திற்கோ நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் மாணவர்களைத் திணற வைக்கும் கேள்வி, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான். தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அதனால் சிலர் செய்ததையும் சொல்லாமல் விடுகிறோம். சிலர் செய்யாததையும் சேர்த்து அளக்கிறோம். பெருமிதம் எது, தற்பெருமை எது என்று பிரித்தறியாததே இரண்டிற்கும் காரணம். நம் இலக்கணமும் இலக்கியமும் இதற்குத் தெளிவான வழி காட்டுகின்றன.

சொல்லின் இரு முகங்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகப் பெருமிதத்தை வைக்கிறார். அது கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கின் வழி பிறக்கும் என்கிறார். நான்குமே ஒருவர் ஈட்டியவை அல்லது ஈந்தவை; பிறரைத் தாழ்த்திப் பெற்றவை அல்ல.

திருவள்ளுவரோ இச்சொல்லை இரு பொருளிலும் ஆள்கிறார். 431ஆம் குறளில் செருக்கும் சினமும் சிறுமையும் இல்லாதவரின் உயர்வைப் பெருமிதம் உடையதென்று போற்றுகிறார். 979ஆம் குறளில் பெருமிதம் இல்லாமையே பெருமை என்கிறார். இது முரண்பாடன்று. முதலில் சொன்னது நிமிர்வு. பின்னர் சொன்னது செருக்கு. ஒரே சொல்லுக்குள் இரண்டும் அடங்குவதிலிருந்தே, அவற்றிற்கு இடைப்பட்ட கோடு எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

நன்னூல் தரும் அனுமதி

பவணந்தி முனிவர் பாயிரத்தில், எல்லாம் கற்ற புலவனுக்கும் தற்புகழ்ச்சி தகுதியன்று என்கிறார். ஆயினும் நான்கு இடங்களில் அது தகும் என்று விலக்கும் தருகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடையே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது ஆகியவையே அந்த நான்கு இடங்கள். நம் காலத்திற்குப் பொருத்திப் பாருங்கள்: வேலை விண்ணப்பம், புதியவர் முன் அறிமுகம், சொற்போர் மேடை, இழிவுபடுத்தப்படும் நேரம். நேர்முகத் தேர்வில் நம் திறமையைச் சொல்வது தற்பெருமை ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோட்டத்தில் நான் கேட்டவை

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். 1885இல் வில்லியம் கேமரன் அளந்த மலை இது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் இங்கு போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளில் பெரும்பங்கு நம்மவருடையது.

எங்கள் பாட்டி கொழுந்து பறித்தவர். "நான் எடுத்த கொழுந்துல முத்தல் இருக்காது. வேணும்னா கூடையக் கொட்டிப் பாரு" என்பார். உடனே, "பக்கத்து வீட்டு அக்காதான் கையப் புடிச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க" என்றும் சேர்ப்பார். அதே லயத்தில் இருந்த ஒரு பெரியவரோ, "என்னை விட்டா இந்தத் தோட்டத்துல வேலை தெரிஞ்சவன் எவன்? மத்தவனெல்லாம் சும்மா சம்பளம் வாங்குறான்" என்பார். இருவருமே உழைப்பாளிகள்தாம், பெரியவர் சோம்பேறி அல்லர். ஆனால் பாட்டியின் பேச்சு கொழுந்தைப் பற்றியது. பெரியவரின் பேச்சு அடுத்தவரைப் பற்றியது.

மூன்று கேள்விகள்

இவற்றிலிருந்து மூன்று கேள்விகளை நான் வகுத்துக்கொண்டேன்.

1. நான் சொல்வதைக் கூடையைக் கொட்டிச் சரிபார்க்க முடியுமா?
2. இன்னொருவரைத் தாழ்த்தாமல் இதைச் சொல்ல முடியுமா?
3. எனக்குக் கற்றுத் தந்தவருக்கும் உடன் உழைத்தவருக்கும் இதில் இடம் உண்டா?

மூன்றிற்கும் ஆம் என்றால் தயங்காமல் சொல்லலாம்.

மூன்றாம் கேள்வியைத் தனிமனிதரோடு நிறுத்திவிடக் கூடாது. மலையேறி வருகின்ற சுற்றுலாப் பயணிகளுக்குப் பச்சைக் கம்பளம் போன்ற சரிவுகள் தெரியும். அங்கே பனியில் நனைந்து கூடை சுமந்தவர் யார் என்பது பலருக்குத் தெரியாது. நன்னூல் கூறும் இரண்டாம் இடம் இதுவே. தெரியாதவரிடம் நம் முன்னோர் உழைப்பைச் சொல்வது கடமை. "தோட்டத்துப் பிள்ளை" என்று யாரேனும் இளக்காரமாகச் சொன்னால் அது நான்காம் இடம். அங்கும் வாய் திறக்கலாம்.

ஆனால் இன்று அதே சரிவுகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள். அவர்களை ஏளனமாகப் பேசிக்கொண்டே நம் பாட்டிமாரின் வியர்வையைப் பாடினால், இரண்டாம் கேள்வியிலேயே தோற்றுவிடுவோம். கூடை சுமந்தவரின் பேரப்பிள்ளைக்குக் கூடை சுமப்பவரின் அருமை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் அது பெருமிதம். தெரியாவிட்டால் எத்தனை பட்டம் பெற்றாலும் அது வெறும் தற்பெருமையே.