தீர்ப்பு எதிராக வந்தால்: மேல்முறையீட்டுக்கு முன் எண்ண வேண்டியவை

கொல்கத்தாவின் கார்டன் ரீச், ஹூக்ளி நதிக்கரையில் போர்க்கப்பல்கள் கட்டப்படும் பகுதி. அதை ஒட்டியுள்ள மேட்டியாப்ருஸ், ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. உதிரிபாகம் வழங்குபவரும் ஆடை தைத்து அனுப்புபவரும் ஒப்பந்தத்தை நம்பியே முதலீடு செய்கின்றனர். அதை நம்பியே வங்கியும் கடன் வழங்குகிறது. ஒப்பந்தம் மீறப்பட்டு, வழக்கிலும் தீர்ப்பு எதிராக அமைந்துவிட்டால் என்ன செய்வது? அந்நகரில் எழுந்த ஒரு பழைய வழக்கு நமக்கு வழிகாட்டுகிறது.

டாக்குரியா ஏரியை அடுத்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றது முக்னிராம் பாங்கூர் நிறுவனம். சாலையும் வடிகாலும் அமைத்துத் தருவது அதன் பொறுப்பு. 1940இல் ஒருவர் 101 ரூபாய் முன்பணம் செலுத்தி ஒரு மனைக்கு ஒப்பந்தம் செய்தார். அவ்வுரிமை பின்னர் சத்தியபிரத கோஷ் என்பவருக்கு மாற்றப்பட்டது. இதற்கிடையே இரண்டாம் உலகப் போரின் தேவைக்காக அரசு அந்நிலத்தைத் தற்காலிகமாகத் தன்வசம் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தம் இனிச் செல்லாது என்பது நிறுவனத்தின் நிலை.

கோஷ் 1946இல் வழக்குத் தொடுத்தார். விசாரணை நீதிமன்றத்திலும் முதல் மேல்முறையீட்டிலும் வென்றார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 1953 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பையே மீண்டும் நிலைநிறுத்தியது. ஒப்பந்தம் ஏற்பட்டபோதே போர் நடந்துகொண்டிருந்தது. பணியை முடிக்கக் காலவரம்பு ஏதும் குறிக்கப்படவில்லை. அரசின் நடவடிக்கையோ தற்காலிகமானது. ஆகவே, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு கூறும் 'நிறைவேற்ற இயலாமை' இங்கு ஏற்படவில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

கோஷின் வெற்றிக்குக் காரணம், தமக்கு நேர்ந்த இழப்பை உருக்கமாக எடுத்துரைத்தது அன்று. கீழ்த்தீர்ப்பில் சட்டம் பொருத்தப்பட்ட விதம் தவறு என்று காட்டியதேயாகும். எனவே நாம் முதலில் எழுப்ப வேண்டிய வினா, 'தீர்ப்பில் பிழை எங்கே?' என்பது. முதல் மேல்முறையீட்டில் சாட்சியம், சட்டம் ஆகிய இரண்டையும் மறுபடி ஆராயக் கோரலாம். உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீட்டுக்கோ முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தாக வேண்டும்.

இரண்டாவது, காலக்கெடு. பொதுவான உரிமையியல் வழக்கில் மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின்கீழ் வரும் வழக்கில் 60 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட நாள்கள் கணக்கில் சேரா. ஆயினும் நகலுக்கு அன்றே விண்ணப்பிப்பது நன்று. வணிக வழக்குகளில் தாமதத்தைப் பொறுத்தருள்வது அரிதான விதிவிலக்கே என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்புடன் கூறியுள்ளது.

மூன்றாவது, பணம். மேல்முறையீடு தாக்கல் செய்ததாலேயே தீர்ப்பு நிறுத்தப்படுவதில்லை. தடையுத்தரவு பெறாதவரை, வென்றவர் நம் சொத்தை ஜப்தி செய்ய முற்படலாம். பணம் செலுத்தக் கூறும் தீர்ப்புக்குத் தடை கோரினால், நீதிமன்றம் பெரும்பாலும் வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கேட்கும். உத்தரவாதத்துக்கு வங்கி விளிம்புத்தொகையும் ஈடும் கோரும். அந்த அளவுக்கு நடைமுறை மூலதனம் முடங்கும். ஆகவே வழக்குரைஞரைக் கண்ட கையோடு கிளை மேலாளரையும் காண்பது நலம்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒப்பந்தத்துக்காக முன்னரே அளித்த உத்தரவாதம் தனியொரு ஒப்பந்தம். பயனாளி அதன் நிபந்தனைப்படி பணம் கோரினால், மேல்முறையீடு நிலுவையில் உள்ளது என்பதற்காக வங்கி மறுக்க இயலாது. அப்பட்டமான மோசடி, ஈடுசெய்ய இயலாத அநீதி போன்ற அரிய சூழல்களில் மட்டுமே நீதிமன்றம் தடை விதிக்கும்.

தீர்ப்புத்தொகை, ஏறிவரும் வட்டி, நீதிமன்றக் கட்டணம், முடங்கும் மூலதனம் ஆகியவற்றை ஒரு பக்கமும், தீர்ப்பில் காணும் பிழையின் வலிமையை மறுபக்கமும் எழுதிப் பார்ப்போம். பிழை தெளிவாக இருப்பின் காலத்தில் மேல்முறையீடு செய்வோம். இல்லையெனில் சமரசம் பேசுவதே தொழிலைக் காக்கும்.