ஒரே மைதானம், இரண்டு ஆட்டம்

(சிவில் பிரிவு, இரண்டாம் ஆண்டு மாணவன்)

கால்பந்தும் ரக்பியும் கூடப் பிறந்தவை. 1863-ல் லண்டனில் கால்பந்துச் சங்கம் விதி எழுதியபோது, பந்தைக் கையில் எடுத்து ஓடுவது, எதிராளி காலை உதைப்பது பற்றித் தகராறு வந்து பிரிந்தார்கள். 1871-ல் ரக்பிக்குத் தனிச் சங்கம் வந்தது. அடுத்த ஆண்டே கல்கத்தாவிலும் ரக்பி ஆடினார்கள். அந்தக் கிளப் கலைந்தபோது அதன் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்குத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் மோதுகின்றன.

பிரிந்த இருவரையும் ஒரே மைதானத்தில் சேர்க்கலாமா? வீடுகள் நெருக்கும் நம்ம திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஆட்டத்துக்கொரு மைதானம் கேட்டால் கிடைக்குமா? பகிர்ந்தால்தான் ஆட்டம். அதற்கு நாம் படிக்கும் சர்வே போதும்.

1. இடம்: ரக்பிக்கு நீளம் 100 மீட்டர், அகலம் 68 மீட்டர். இரு கோல் கோட்டுக்கும் பின்னால் தலா 10 மீட்டர், சுற்றிலும் 5 மீட்டர் விட்டால் 130 × 78. சுமார் இரண்டரை ஏக்கர். கால்பந்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர் வரை இருக்கலாம். அதையும் 100 × 68 என்றே வைத்தால் எல்லைக் கோடுகள் இரண்டுக்கும் ஒன்றே.

2. மூலை: எங்கப்பா கொத்தனார். பள்ளிக்கூடம் போகாதவர். 3-4-5 கயிறு பிடித்து மூலைமட்டம் எடுப்பார். அது பிதாகரஸ் தேற்றம் என்று எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. மைதானத்துக்கு 30-40-50 மீட்டர் பிடிக்கவும்.

3. கோல் போஸ்ட்: கால்பந்துக்கு 7.32 மீட்டர் இடைவெளி, ரக்பிக்கு 5.6. ஆகவே ரக்பி கம்பம் பக்கத்துக்கு 86 செ.மீ. உள்ளே வரும். நிரந்தரமாக நட்டால் கால்பந்து கோலை மறிக்கும். தரைக்குள் இரும்புக் குழாய் புதைத்து, கம்பத்தைச் செருகி எடுக்க வேண்டும். ஆட்டம் மாறினால் குழிக்குத் தரைமட்டமாக மூடி போடணும். இல்லாவிட்டால் யாராவது கால் ஒடியும்.

4. வாட்டம்: நடுவிலிருந்து பக்கத்துக்கு 34 மீட்டர். நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால் நடு 34 செ.மீ. உயரம். மழைத் தண்ணீர் தானே வடியும்.

5. கோடு: சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். ரக்பியில் முகம் குப்புற விழுவார்கள். வியர்த்த தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சுண்ணக்கல் தூள் போடுங்க.

கடைசியாக ஒரு ஒப்பந்தம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பதினாறு பேர் முட்டித் தள்ளினால் புல் வேரோடு பெயரும். மறுநாள் கால்பந்துக்காரனுக்குச் சேறுதான். ஈரத் தரையில் இருவருமே ஆடக்கூடாது. வெயில் காலத்தில் இருவருமே தண்ணீர் ஊற்றணும்.

கோடு போடுவது ஒரு நாள் வேலை. விட்டுக்கொடுப்பது தினமும் செய்யும் வேலை. அதைச் செய்தால் இரண்டரை ஏக்கரில் இரண்டு தெருப் பிள்ளைகளும் ஆடலாம்!