போன் நம்மது, சாவி யாருது?

இந்த மாதப் பாடம் செல்போன் பற்றியது.

நம் குழுக்களில் சங்கக் கடன் எடுத்து ஸ்மார்ட்போன் வாங்கியவர்கள் நிறைய. சில வருஷம் போனதும் கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிடுகிறது. அப்புறம் ஒவ்வொரு ஆப்பாக ஓடாமல் போகும். போன் உடையவில்லை, பேட்டரியும் நிற்கிறது. ரிப்பேர் கடைத் தம்பியிடம் "வேற சாப்ட்வேர் போட்டுக் குடு" என்றால், "பூட்லோடர் லாக்கா இருக்குக்கா, முடியாது" என்கிறார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

பூட்லோடர் என்பது போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம். வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி. கம்பெனி முத்திரை உள்ள சாப்ட்வேரை மட்டும் உள்ளே விடும். மற்றதைத் தடுத்துவிடும்.

லாரியை நினைத்துப் பாருங்கள். சேசிஸை கம்பெனியில் வாங்கி, பாடியை நாமக்கல்லில் நமக்குப் பிடித்த பட்டறையில் கட்டுகிறோம். "நாங்க சொல்ற பாடிதான், இல்லன்னா வண்டி ஸ்டார்ட் ஆகாது" என்று சேசிஸ் கம்பெனி சொன்னால் லாரிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

அதுக்காகப் பூட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. திருடன் கையிலும், வேவு சாப்ட்வேர் ஏற்றுகிறவன் கையிலும் போன் சிக்கினால் இந்தப் பூட்டுதான் காப்பாற்றும். கேள்வி சாவியைப் பற்றித்தான். கூகுளின் பிக்சல் போன்களில், கடையில் நேராக வாங்கினால், உரிமையாளரே பூட்டைத் திறக்கலாம். ஷாவ்மி காத்திருக்க வைத்துத் திறக்க விட்டது. ஹுவாவே முன்பு சாவி எண் கொடுத்தது, 2018ல் நிறுத்திவிட்டது. ஆக, கொடுக்க முடியாத சாவி இல்லை இது. முதல் குற்றம் போன் கம்பெனி மேல்தான் என்பது என் கணக்கு. பழைய போன் ஓடினால் புதுசு விற்காதே!

கூகுளுக்கும் பங்கு உண்டா? பூட்டுக்காக இல்லாவிட்டாலும் இதற்குப் பக்கத்து விஷயம் ஒன்று நடந்தது. தன் ஆப்கள் வேண்டுமானால், ஆண்ட்ராய்டை மாற்றி அமைத்த போன் தயாரிக்கக் கூடாது என்று கூகுள் கம்பெனிகளிடம் ஒப்பந்தம் போட்டிருந்தது. இது உட்பட பல காரணங்களுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

சிம் பூட்டு வேறு. 2017ல் 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு வந்த ஜியோபோனில் ஜியோ சிம் மட்டும்தான் ஓடும். தவணை தவறினால் கடன் கொடுத்தவர் போனைப் பூட்டுவதும் வேறு. மூன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அரசு என்ன செய்தது? ஐரோப்பிய நாடுகளில் 2025 ஜூன் முதல், விற்பனை நிறுத்திய பிறகும் 5 வருஷம் அப்டேட் தரவேண்டும் என்று விதி வந்துவிட்டது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஓர் இணையதளம் திறந்தார்கள். ஆனால் சாவி தந்தே ஆகவேண்டும் என்ற சட்டம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. யாரோ சொன்னார்கள் என்று பூட்டைத் திறக்க வேண்டாம். திறந்தால் போட்டோ, நம்பர் எல்லாம் அழிந்துவிடும். சில பேங்க் ஆப்களும் அதில் ஓடாது.

வாங்கும்போதே "எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வரும்?" என்று கேளுங்கள். பில் வாங்குங்கள். ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது செட்டிங்ஸில் கடைசி செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பார்த்து எழுதி வாருங்கள்.