அமியோடரோன் சாப்பிடுகிறீர்களா?

தாறுமாறாக அடிக்கும் இதயத்தைச் சீராக்கத் தரும் மாத்திரைகளில் அமியோடரோன் மிக வலுவானது. அதனாலேயே கூடுதல் கவனம் வேண்டும்.

200 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கிறது. பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவையோ 0.15 மி.கி.தான். அதனால் தைராய்டு கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். 6 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று உடம்பு இளைத்தாலோ, எடை கூடி அசதி விடாமல் இருந்தாலோ அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

விடாத வறட்டு இருமலா? மாடி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குகிறதா? சளிதான் என்று கஷாயம் குடித்து நாளைக் கடத்தக் கூடாது. நுரையீரல் பாதிப்பாக இருக்கலாம்.

பலர் அலட்சியமாக விடுவது ஒன்று உண்டு. மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்கும் அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் இதனுடன் சேர்ந்தால், உயிருக்கே ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். வார்ஃபரின், டிகாக்ஸின் சாப்பிடுபவர்களுக்கு அவற்றின் அளவையும் டாக்டர் குறைக்க வேண்டிவரும்.

இம்மருந்து சாப்பிடும்போது தோல் வெயிலைத் தாங்காது; அதனால் வெயிலில் குடை, முழுக்கைச் சட்டை அவசியம்.

ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள். துடிப்பு சரியாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. டாக்டர் நிறுத்திய பிறகும் இம்மருந்து மாதக்கணக்கில் உடலில் தங்கும். புதிதாக எந்த டாக்டரிடம் போனாலும் பழைய மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.