காலி இடம் உண்டு, தொடர் இடம் இல்லை

செலண்டார் கடைவரிசையில் எட்டுக் கார்களுக்கு இடம் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. நீளமான பேருந்து ஒன்று வந்தால் எங்கே நிறுத்துவது?

உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் இதே சிக்கல்தான். அதன் நினைவகத்தை நிர்வகிக்கும் லினக்ஸ் கெர்னல், பெரும்பாலும் அதை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து வைக்கிறது. 2 மெகாபைட் தொடர் இடம் வேண்டுமானால், 512 பக்கங்கள் அடுத்தடுத்துக் காலியாக இருக்கவேண்டும்.

இடம் குறைந்தால், சேமிப்பகத்தில் நகல் உள்ள, நெடுநேரம் தொடாத பக்கங்களை கெர்னல் விடுவிக்கும். இது மீட்பு. அப்படிக் கிடைக்கும் இடமும் சிதறியே இருக்கலாம். அப்போது, பயன்பாட்டிலுள்ள பக்கங்களை ஓர் ஓரமாக நகர்த்தி, மறு ஓரத்தில் தொடர் இடம் உண்டாக்கும். இது நெருக்கல், 2010இல் லினக்ஸ் 2.6.35 பதிப்பில் சேர்ந்தது. இந்த வேலை முடியும்வரை செயலி காத்திருக்க நேரலாம். திரை சற்று உறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செயலிகளின் பக்கங்களை நகர்த்தலாம். கெர்னலின் சொந்தப் பக்கங்களோ பெரும்பாலும் நகரா. அப்படி ஒன்று நடுவில் அமர்ந்தாலே 2 மெகாபைட் இடம் உடைந்துவிடும். அதனால்தான், 2008இல் வந்த 2.6.24 பதிப்பு முதல், நகர்பவையும் நகராதவையும் கூடியவரை தனித்தனியே வைக்கப்படுகின்றன.

எனவே, எவ்வளவு காலி என்று மட்டும் பார்க்காதீர்கள். எப்படிக் காலி என்பதும் முக்கியம்.